வீணே திரிதலா? விழித்து நடத்தலா?



போளூர் என்றவுடன் நம்மவர் உள்ளத்தில் எழுவது திருவண்ணாமலை மாவட்டத்துப் போளூரே. அவ்வூர் வழியாகத் திருமலைக்குச் சென்று, பாறையில் ஏறத்தாழ 16 அடி உயரத்தில் செதுக்கப்பெற்றுள்ள ஸ்ரீ நேமிநாத பகவானை வணங்காத குடும்பம் நம்முள் அரிது. நாம் இங்கே சொல்லப் புகுவது வேறொரு போளூரைப் பற்றியதாகும். அது திண்டுக்கல் மாவட்டத்தில், பழனி மலைத்தொடரின் மேல், கொடைக்கானலுக்கு மேற்கே பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி முதலிய ஊர்களைக் கடந்து செல்லும் சாலையில் உள்ள சிறிய மலைக் கிராமம். பூண்டும் உருளைக்கிழங்கும் காரட்டும் பீன்ஸும் படிப்படியான வயல்களில் விளையும் பகுதி அது.

சென்ற ஆண்டுக் காலாண்டு விடுமுறையில் நம் குடும்பத்தார் எண்மர் அங்கே இரண்டு நாள் தங்கி, ஒரு காலைப் பொழுதில் குழந்தைகளோடு மலைப்பாதையில் சிறிது தூரம் நடந்து வருவதென முடிவாயிற்று. நம் மருமகள், "அத்தை, நீங்கள் முப்பத்தைந்து ஆண்டுகள் பாடக்குறிப்பு எழுதியவர்கள். இந்த நடைக்கும் நீங்களே குறிப்பு எழுதிக் கொடுங்கள்" என்று கேட்டுக்கொண்டாள். எழுபது கடந்த நமக்கு அது மகிழ்ச்சியாகவே இருந்தது. அம்மகிழ்ச்சியை, எண்பத்தொரு வயதான நம் தமையனாருக்கும் ஒரு கடிதத்தில் எழுதினோம்.

ஒரு வாரத்தில் மறுமொழி வந்தது. "தங்கைக்கு ஆசிகள். சிராவகருக்குரிய குணவிரதங்கள் மூன்றனுள் அனர்த்த தண்ட விரதமும் ஒன்று என்பதை நீ மறந்திருக்க மாட்டாய். பயனின்றித் திரிவது குற்றம். பிறரைத் திரியச் செய்வதும் குற்றம். நீ இரண்டாவதைச் செய்யப் போகிறாய்" என்று தமையனார் எழுதியிருந்தார். கடிதம் அவ்வளவே.

நாம் அலமாரியிலிருந்து நூலை எடுத்துப் பார்த்தோம். தமையனார் கூறியது உண்மையே. ஆசாரியர் ஸமந்தபத்திரர் அருளிய ரத்னகரண்டக சிராவகாசாரம் அனர்த்த தண்டத்தை ஐந்து வகையாகப் பிரித்துரைக்கின்றது. அவற்றுள் ஒன்று பிரமாத சரியை, அதாவது கவனமற்ற ஒழுக்கம். மண்ணை வீணே தோண்டுதல், நீரை வீணே இறைத்தல், தீ மூட்டுதல், காற்றைக் கலக்குதல், செடி கொடிகளை வீணே வெட்டுதல் என்பவற்றோடு, வீணே அலைதலும் பிறரை அலையச் செய்தலும் அதனுள் அடங்கும். இந்நூலைத் தழுவித் தமிழில் எழுந்த அருங்கலச்செப்பை இளமையில் பாடம் கேட்ட நமக்கு இது புதிய செய்தியன்று. ஆயினும் பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகும் ஓர் உலாவுக்கு அது பொருந்தும் என்று நாம் ஒருநாளும் எண்ணியதில்லை.

தமையனார் எழுப்பிய வினாவைத் தள்ளிவிடவும் இயலவில்லை. பயணத்தைக் கைவிடவும் மனம் வரவில்லை. ஆகவே அவ்வினாவை முன்னே வைத்துக்கொண்டே நடைக்குறிப்பை எழுதலானோம்.

நடைக்கு ஒரு பாடக்குறிப்பு

ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்குக் கற்பித்த முதற்பாடம், வகுப்பின் வேகத்தை முதல் வரிசை மாணவரைக் கொண்டு அளவிடலாகாது என்பதாம். அதனை நாம் ஏட்டில் கற்றோம். வாழ்வில் கற்றது பின்னரே. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு, நாம் பணியாற்றிய பள்ளியிலிருந்து எட்டாம் வகுப்பு மாணவியரை ஒரு குன்றுக்கு அழைத்துச் சென்றோம். முன்னே செல்பவர்களின் உற்சாகத்தில் நாமும் முன்னே சென்றுவிட்டோம். உச்சியில் தலை எண்ணியபோது ஒருத்தி குறைந்தாள். ஒரு மணி நேரம் தேடிய பின்னர், பாதிவழியில் ஒரு பாறையடியில் அச்சிறுமி அமர்ந்திருக்கக் கண்டோம். செருப்பின் வார் அறுந்து கால் புண்ணாகியிருந்தது. அவள் அழவில்லை. "கூப்பிட்டேன் டீச்சர், நீங்கள் திரும்பிப் பார்க்கவில்லை" என்று மட்டும் சொன்னாள். அக்குரல் இன்றும் நம் செவியில் உள்ளது.

ஆகவே இம்முறை ஆறு வயதுப் பேத்தியின் காலையும், முழங்கால் வலியுள்ள நம் கணவரின் காலையும் அளவுகோலாகக் கொண்டோம். ஸ்காட்லாந்து நாட்டு மலையேற்ற வீரர் வில்லியம் நைஸ்மித் என்பவர் 1892-இல் ஒரு கணக்குச் சொன்னார். சமதளத்தில் மணிக்கு 3 மைல். அதன்மேல் ஒவ்வொரு 2000 அடி ஏற்றத்திற்கும் ஒரு மணி நேரம் கூடுதல் என்பது அக்கணக்கு. அது உடல் வலிமை மிக்க ஆடவர்க்குரியது. போளூரில் நாம் தெரிந்தெடுத்த பாதை போக 2 கிலோமீட்டர், ஏற்றம் 300 அடி அளவு. அவர் கணக்கில் அது முப்பத்தைந்து நிமிடத்திற்குள் முடியும். நாம் ஒன்றேகால் மணி நேரம் ஒதுக்கினோம். பாதி தூரத்தில் ஓர் இளைப்பாறல். முன்னே மகன், கடைசியில் நாம். நமக்குப் பின்னே எவரும் நடக்கக் கூடாது என்பது விதி. குழந்தைகள் ஒவ்வொருவர் கழுத்திலும் ஒரு விசில்.

பாதையைத் தேர்வதிலும் கவனம் தேவைப்பட்டது. 2013-இல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பெற்றது. காட்டினுள் நினைத்தபடி நுழைய இயலாது, நுழைதலும் ஆகாது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் பற்றிய காட்டுத்தீயில், மலைநடை சென்றவர்களுள் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்த துயரத்தை அன்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதன் பின்னரே அரசு மலைநடைக்கெனத் தனி விதிகள் வகுத்தது. 2024 அக்டோபரில் 40 பாதைகளை எளியவை, நடுத்தரமானவை, கடினமானவை எனப் பகுத்து, வழிகாட்டிகளுடன் செல்லும் ஏற்பாடும் தொடங்கப்பெற்றது. நாம் காட்டைத் தொடாமல், ஊரார் வயலுக்குச் செல்லும் பாதையிலேயே நடந்து, சோலைக்காட்டின் விளிம்பில் பள்ளத்தாக்குத் தெரியும் பாறையோடு நின்றுகொள்வதெனக் குறித்தோம். வழிகாட்ட, மகனுக்கு அறிமுகமான உள்ளூர் விவசாயி ஒருவர் இசைந்தார்.

ஏனைய குறிப்புகள் வருமாறு. கொடைக்கானல் செல்லும் வெளியூர் வாகனங்களுக்கு 2024 மே 7 முதல் நடைமுறைக்கு வந்த இ-பாஸ் பதிவை முன்கூட்டியே செய்தல். நெகிழிப் புட்டிகளை விடுத்து, வடிகட்டிக் காய்ச்சிய நீரை எவர்சில்வர் பாத்திரங்களில் கொள்ளுதல். இட்லி, புளிச்சோறு, மலைவாழைப்பழம். பழத்தோலும் திரும்ப நம் பைக்குள் வருதல். பெண்களும் முதியோரும் புறப்படுமுன் கழிவறைத் தேவையை முடித்துக்கொள்ளுதல், ஏனெனில் வழியில் இடமில்லை. பிற்பகலில் மூடுபனி இறங்குமாதலால் காலை ஏழரைக்குப் புறப்பட்டு நண்பகலுக்குள் திரும்புதல். காட்டுமாடு எதிர்ப்பட்டால் கூச்சலிடாமல் விலகி நின்று, அது போனபின் செல்லுதல்.

அட்டைகளைப் பற்றி எழுதும்போது பேனா நின்றது. மழை நனைத்த மலையில் அட்டை காலில் ஏறுவது இயல்பு. பலரும் உப்பையோ புகையிலையையோ சுண்ணாம்பையோ வைத்து அதனைக் கொல்கின்றனர். நகத்தை அதன் வாயடியில் மெல்லச் செலுத்தினால் அது தானே பிடிவிடும். எடுத்து இலையில் விட்டுவிடலாம். அதற்கும் முன்னதாக, நீண்ட காலுறை அணிந்து அது கடிக்காமலே காத்துக்கொள்ளலாம். இவ்வாறு எழுதிவிட்டு, உப்புப் பொட்டலத்தைப் பட்டியலிலிருந்து அடித்தோம்.

அப்போதே நாம் நின்று எண்ணியிருக்க வேண்டும். அட்டை உள்ள மாதத்தில் ஏன் செல்கிறோம் என்பதே அங்குக் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. துறவியர் மழைக்கால நான்கு மாதங்கள் ஓரிடத்தில் தங்குவது, அக்காலத்தில் நிலமெங்கும் சிற்றுயிர்கள் பெருகுவதனால் அன்றோ? நாமோ மாதத்தைப் பள்ளி நாட்காட்டியிடம் விட்டுவிட்டோம். குறிப்பிலே இருந்த முதற்பிழை அது. அதனை எழுதியவர் நாமே.

பாதையில் நடந்தது

முன்னிரவு மழை பெய்து ஓய்ந்திருந்தது. காலை குளிர்ந்தும் தெளிந்தும் இருந்தது. வயலோரமாக நடந்தோம். பூண்டுப் பாத்திகளைக் கண்ட பேத்தி, "பாட்டி, நாம் விரத நாளில் சாப்பிடாததை இவர்கள் ஏன் பயிரிடுகிறார்கள்?" என்றாள். நம் முன்னோரும் வட ஆர்க்காட்டில் ஏர் பிடித்த உழவரே என்றும், இல்லறத்தார் தொழிலில் நேரும் உயிர்க்கேட்டை அறநூல்கள் உத்தியமி ஹிம்சை எனத் தனியே வைத்துள்ளன என்றும், கருதிச் செய்யும் சங்கல்ப ஹிம்சையோடு அதனை ஒன்றாக எண்ணலாகாது என்றும் அவளுக்கு விளங்கும் அளவில் சொன்னோம். வழிகாட்டிய விவசாயி, "பாப்பா சாப்பிடாட்டி என்னம்மா, ஊரெல்லாம் சாப்பிடுது" என்று சிரித்தார்.

பாறை சுமார் முந்நூறு அடித் தூரத்தில் தெரிந்தபோது, பேத்தி சட்டென நின்றாள். "ரயில் பூச்சி!" என்றாள். குனிந்து பார்த்தோம். மரவட்டைகள், ஒன்றல்ல, பத்தல்ல. ஈரமான பாதை முழுவதும் கருஞ்சிவப்பாக ஊர்ந்துகொண்டிருந்தன. சிறியவை ஊசிமுனை அளவினவாய்க் கூர்ந்து நோக்கினால் மட்டுமே தெரிந்தன. கால் வைக்க இடமில்லை. பாதையின் இருபுறமும் செடிகள். அவற்றுள் இறங்கினால் இன்னும் எத்தனை உயிர்களோ.

"திரும்பிவிடலாம்" என்றோம் நாம்.

பதின்மூன்று வயதுப் பேரனின் முகம் சுருங்கியது. "பாட்டி, வந்த வழியிலும் இவை இருந்திருக்குமே. பார்க்காமல் மிதித்துத்தானே வந்தோம்? திரும்பிப் போனாலும் மிதிப்போம். முன்னே போனாலும் மிதிப்போம். அப்படியிருக்க, பாறையைப் பார்த்துவிட்டே போகலாமே?" என்றான்.

அன்பர்களே, நாற்பது பேர் கொண்ட வகுப்புகளில் எத்தனையோ வினாக்களுக்கு விடை சொன்ன நமக்கு அவ்விடத்தில் உடனே விடை தோன்றவில்லை. அவன் கூறியதில் பிழை ஏதும் இல்லை. விவசாயியோ, "வெயில் ஏறினா தானா சருகுக்குள்ள போயிடும்மா, கொஞ்சம் உக்காருங்க" என்றார். அருகிலிருந்த வெறும் பாறையொன்றில் எண்மரும் அமர்ந்தோம். ஒரு மணி நேரத்திற்கு மேல் சென்றது. வெயில் ஏற ஏறப் பாதை காய்ந்தது. மரவட்டைகள் ஒவ்வொன்றாகச் சருகினுள் மறைந்தன. பாதை தெளிந்த வேளையில் பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி மேலே வந்துவிட்டது. பாறையிலிருந்து காண வேண்டிய காட்சி இனி இல்லை. வந்த வழியே திரும்பினோம். பேரன் வீடு வரும்வரை பேசவில்லை.

பேரனுக்குச் சொன்ன விடை

அன்றிரவு உறக்கமின்றி எண்ணிப் பார்த்தோம். உமாஸ்வாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தில் ஹிம்சைக்கு இலக்கணம் கூறுமிடத்தில், கவனமின்மையின் வயப்பட்ட செயலால் உயிரைப் போக்குதல் என்கின்றார். உயிர் போனது என்பதனோடு அதற்குப் பின்னிருந்த மனநிலையையும் அவர் சேர்த்தே கணக்கிடுகின்றார். இதனை நாம் வசதியாகப் பயன்படுத்திக்கொள்வது எளிது. "நாம் கவனமாகத்தான் நடந்தோம், ஆகவே குற்றமில்லை" என்று கூறி, முந்நூறு அடியையும் கடந்திருக்கலாம். ஆனால் பேத்தி சுட்டிக்காட்டிய கணத்தில் நிலைமை மாறிவிட்டது. அதற்கு முன் நடந்தது அறியாமையாலோ கவனக்குறைவாலோ நேர்ந்தது. அதற்குப் பின் நடந்தால் அது தெரிந்தே செய்வதாகும். ஒரு காட்சியைக் கண்டு மகிழ்வதற்காகத் தெரிந்தே மிதிப்பதற்கு எந்த விரதத்திலும் இடமில்லை.

மறுநாட் காலை இதனைப் பேரனிடம் சொன்னோம். "அப்படியானால் பார்க்காமல் இருப்பதே நல்லதா?" என்று உடனே கேட்டான். அவனிடம் அந்தக் கூர்மை இருப்பது குறித்து நமக்கு உள்ளூர மகிழ்ச்சியே. பார்க்காமல் இருப்பதுதான் பிரமாதம். ஆகவேதான் முனிவர்க்குரிய ஈர்யா சமிதி, பகலொளியில், பலர் நடந்து பழகிய வழியில், முன்னே நான்கு முழ நிலத்தை நோக்கி நடக்கச் சொல்கின்றது என்றோம். வந்த வழியில் நாம் மலைமுகட்டையே நோக்கி வந்தோம்; ஆறு வயதுக் குழந்தை மட்டுமே தரையைப் பார்த்து நடந்தாள். அவன் சிறிது நேரம் பேசாதிருந்து, "அவள் குள்ளம், அதனால் தெரிந்தது" என்றான். இருக்கலாம்.

அவ்விவசாயிக்கு இவ்விதி இல்லையா என்று அன்பர்கள் கேட்கலாம். அவர் நாள்தோறும் அப்பாதையில் நடந்தாக வேண்டும், வயல் காத்திராது. அவர் நடை அவர் குடும்பத்தின் சோறு. நாம் நடந்தது அப்படிப்பட்டதன்று. ஒரு நாள் வந்து செல்லும் விருந்தினருக்கு நிற்கவும் திரும்பவும் முடியும். முடிகின்றவர்க்கே அக்கடமை உண்டு.

மலையிலிருந்து பழனி வழியாக இறங்கியபோது, பாப்பம்பட்டி அருகேயுள்ள ஐவர்மலைக்குச் சென்றோம். பழனி மலைகளின் வடபுறச் சமவெளியில் தனித்து நிற்கும் அக்குன்றின் பாறையில் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் வரிசையாக உள்ளன. வரகுண பாண்டியனின் எட்டாம் ஆட்சியாண்டில், சகம் 792-இல், அதாவது கி.பி. 870-இல், குணவீரக் குரவரின் மாணாக்கர் சாந்திவீரக் குரவர் இங்குப் பார்சுவநாதர் திருமேனியையும் இயக்கியர் உருவங்களையும் புதுப்பித்து, 505 காணம் பொன் அளித்த செய்தியைக் கல்வெட்டு கூறுகின்றது. அங்கே நின்றபோது தமையனாரின் கடிதம் மீண்டும் நினைவுக்கு வந்தது. இம்மலை ஏறுவது தீர்த்த யாத்திரை, போளூர்ப் பாதையில் நடந்தது வீண் அலைதல் என்று பிரித்துவிடலாமா? படியில் ஊரும் எறும்புக்கு, மிதிப்பவர் பக்தரா பயணியா என்பது தெரியாது. நோக்கம் நல்லதாயினும் கால் எங்கே விழுகின்றது என்பதைத் தனியே பார்த்தாக வேண்டும். அவ்வாறே, நோக்கம் சிறியதாயினும் கவனத்தோடு நடந்த நடை முழுதும் வீணாவதில்லை. நம் பேத்தி இப்போது வீட்டு வாசற்படியிலும் குனிந்து பார்த்தே இறங்குகிறாள். இதனைத் தமையனாருக்கு எழுதினோம்.

தமையனாரின் மறுமொழியையும் மறைக்கலாகாது. "குழந்தை கற்றது மகிழ்ச்சி. ஆயினும் அதைக் கற்பிக்க அத்தனை உயிர் வேண்டுமா?" என்று எழுதியிருந்தார். அதற்கு நம்மிடம் முழுமையான விடை இல்லை. வந்த வழியில் நாம் மிதித்தவற்றின் கணக்கு நம்முடையதே. அக்கணக்கில், நடந்த எழுவரைக் காட்டிலும் நடக்கச் செய்த நமக்கே பங்கு மிகுதி என்று எண்ணுகிறோம். பிறரைத் திரியச் செய்தலை நூல் தனியே எடுத்துச் சொன்னதன் காரணம் இப்போது விளங்குகின்றது. குழந்தைகள் நாம் காட்டும் வழியில் நடக்கின்றனர். மாதத்தையும் பாதையையும் நேரத்தையும் தெரிந்தெடுத்தவர் பெரியவரே.

ஆகவே குடும்பத்தோடு மலைநடை செல்ல எண்ணும் அன்பர்களுக்கு, போகாதீர்கள் என்று நாம் சொல்லவில்லை. முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள். ஊரை அதன்பின் பாருங்கள். பழனி மலையில் வடகிழக்குப் பருவமழை கார்த்திகை வரை நீள்கின்றது. மாசி, பங்குனியில் காடு காய்ந்து தீ அச்சம் வந்துவிடுகின்றது. இடைப்பட்ட தை மாதமே இரண்டுக்கும் தப்பியது. பொங்கல் விடுமுறையும் அப்போது வருகின்றது. வெயில் பட்டு நிலம் காய்ந்தபின் புறப்படுங்கள். பழகிய பாதையை விட்டு இறங்காதீர்கள். எந்த இடத்திலும் திரும்பிவிடலாம் என்பதைப் புறப்படுமுன்பே குழந்தைகளிடம் சொல்லி வையுங்கள். பாதிவழியில் முதன்முறையாகச் சொன்னால் அது அவர்களுக்குத் தண்டனையாகத் தோன்றும். நம் பேரனுக்கு அவ்வாறே தோன்றிற்று.

வரும் தையில் மீண்டும் போளூர் செல்வதாக உள்ளோம். குறிப்பை இம்முறை பேரனே எழுதுகிறான். 2018-இல் மலர்ந்த குறிஞ்சி 12 ஆண்டு கழித்து 2030-இல் மலரும் என்பதையும் அதன் கடைசியில் குறித்து வைத்துள்ளான். குறிஞ்சி பூப்பது மழை மாதங்களிலாயிற்றே, அப்போது என்ன செய்வது என்று நம்மையே கேட்கிறான். கொடைக்கானலில் 1872-இல் அமைக்கப்பெற்ற கோக்கர்ஸ் வாக் போன்ற செப்பனிட்ட நடைபாதையில் நின்று, தொலைவிலிருந்து கண்ணுக்கு எட்டியதைக் கண்டு வரலாம் என்றோம். "கிட்டே போகாமலா?" என்றான். கிட்டே போகாமல்தான் என்றோம். அவன் இன்னும் இசையவில்லை. அதுவரை நாம் இருந்தால், நடந்துகொண்டே பேசித் தீர்ப்போம்.

அறம் வளர்க!